வைரஸ் குறைவு, நோய் குறையவில்லை: பால்டிமோரில் கண்ட முரண்

2001 மார்ச்சில் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் சிறிய கட்டுரை ஒன்று வெளிவந்தது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் எச்.ஐ.வி. தொற்றிய 156 ஆண்களையும் 46 பெண்களையும் பற்றியது அது. தொற்று ஏற்பட்டது தெரிந்தவுடன் எடுத்த முதல் ரத்தத்தில், ஒரு மில்லிலிட்டருக்கு எத்தனை வைரஸ் பிரதிகள் இருந்தன என்று அளந்திருந்தார்கள். ஆண்களின் இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 50,766. பெண்களுடையது 15,103. ஆண்களுடையதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்க்கிற மருத்துவர், பெண்களுக்கு நோய் மெதுவாகத்தான் முற்றும் என்று சொல்லியிருப்பார். அன்றைய பாடநூல் அறிவின்படி அவர் சொல்வது சரிதான். ஆனால் இரு பாலரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில்தான் எய்ட்ஸ் நிலைக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இந்த முரண் எப்படிப் பிடிபட்டது, ஏன் அவ்வளவு தாமதமாகப் பிடிபட்டது, அதற்குள் யாருக்கு மருந்து தள்ளிப்போயிருக்கும் என்பவற்றை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் மாதத்தில் நடப்பது

எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைந்த முதல் சில வாரங்களில் நடப்பதைக் கண்ணெதிரே பார்ப்பது கடினம். தொற்றியவருக்கே அது தெரியாது. காய்ச்சல், தொண்டை வலி, உடலில் தடிப்பு, கழுத்தில் நெறிகட்டுதல் என்று ஏதாவது வரும். சாதாரண வைரஸ் காய்ச்சல் என்று பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அந்த நாட்களில் எதிர்ப்புப் புரதம் உருவாகியிருக்காது என்பதால் வழக்கமான பரிசோதனையும் 'இல்லை' என்றே காட்டும்.

இந்த இருட்டுக்குள் விளக்கு வைத்தது கிழக்கு ஆப்பிரிக்காவிலும் தாய்லாந்திலும் நடந்த ஒரு நெடுங்கால ஆய்வு. தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகமுள்ள, ஆனால் இன்னும் தொற்றாத இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து, வாரம் இருமுறை சிறிதளவு ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 2016இல் முடிவுகள் வந்தன. ரத்தத்தில் வைரஸ் முதன்முதலில் தென்பட்ட நாளிலிருந்து சுமார் 13ஆம் நாளில் அது உச்சத்தைத் தொடுகிறது. மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 50 லட்சம் பிரதிகள். பிறகு உடலின் எதிர்ப்புப் படை களத்தில் இறங்க, 31ஆம் நாள் வாக்கில் அளவு சரிந்து ஒரு மட்டத்தில் நின்றுவிடுகிறது. மருந்து எடுக்காவிட்டால் பல ஆண்டுகள் அந்த மட்டத்தை ஒட்டியேதான் அது ஏறி இறங்கும். இதை நிலைப்புள்ளி என்கிறோம்.

நிலைப்புள்ளியின் மதிப்பு என்ன என்பதை 1996இல் பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த ஜான் மெல்லர்ஸ் குழு 'சயன்ஸ்' இதழில் காட்டியது. தொற்றியவர்களைத் தொடக்க வைரஸ் அளவுப்படி நான்கு கூறாகப் பிரித்தார்கள். மிகக் குறைந்த அளவுள்ள கூற்றில் ஐந்தாண்டுகளுக்குள் எய்ட்ஸ் வந்தவர்கள் 8 சதவீதம். மிக அதிக அளவுள்ள கூற்றில் 62 சதவீதம். அதுவரை எச்.ஐ.வி. தாக்கி அழிக்கும் எதிர்ப்பு மண்டல அணுக்களான சிடி4 அணுக்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவர்களுக்கு இது பெரிய திறப்பு. நோயை ரயிலாக வைத்துக்கொண்டால், சிடி4 எண்ணிக்கை பாதாளம் இன்னும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும், வைரஸ் அளவு ரயிலின் வேகத்தைச் சொல்லும் என்றார் வைரஸ் ஆய்வாளர் ஜான் காஃபின். துறைக்குள் எல்லோரும் எடுத்தாண்ட உவமை அது. மருந்தை எப்போது தொடங்குவது என்று முடிவு செய்யும் அமெரிக்க வழிகாட்டு நெறிகளிலும் வைரஸ் அளவு ஏறி உட்கார்ந்தது.

மெல்லர்ஸ் ஆராய்ந்த 180 பேரும் ஆண்கள். ஒருவர் விடாமல்.

இதில் சூழ்ச்சி ஏதுமில்லை. அந்த ரத்த மாதிரிகள் 1984இல் பால்டிமோர், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ், பிட்ஸ்பர்க் நகரங்களில் தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களைச் சேர்த்துத் தொடங்கிய தொடர் ஆய்விலிருந்து வந்தவை. அமெரிக்காவில் கொள்ளைநோய் முதலில் அவர்களைத்தான் தாக்கியது. அவர்களே முன்வந்து ஆண்டுக்கணக்கில் ரத்தம் கொடுத்தார்கள். இன்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஆண்கள் தந்த கொடை. பெண்களுக்கான அதே போன்ற பெரிய தொடர் ஆய்வு தொடங்க மேலும் ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. இடைப்பட்ட காலத்தில் பெண்களுக்கு வரும் கருப்பைவாய்ப் புற்றுநோய், எய்ட்ஸின் அதிகாரபூர்வ வரையறையிலேயே இல்லை. வரையறைக்குள் வராதவர்களுக்கு ஊனமுற்றோர் உதவித்தொகையும் கிடைப்பது பெரும்பாடு. நியூயார்க் சிறையில் இருந்தபோது சக பெண் கைதிகளுக்காக அமைப்பு ஒன்றைக் கட்டிய கத்ரினா ஹஸ்லிப், வெளியே வந்த பிறகு இந்த வரையறையை மாற்றப் போராடியவர்களில் ஒருவர். 1993 ஜனவரி முதல் வரையறை விரிவாக்கப்பட்டது. அவர் அதற்கு முந்தைய மாதம் இறந்துபோயிருந்தார்.

கிழக்கு பால்டிமோரில் சேமித்த ரத்தம்

பால்டிமோருக்கு வருவோம். 1988இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார், ஊசி மூலம் போதைமருந்து எடுப்பவர்கள் சுமார் 3,000 பேரைச் சேர்த்து ஒரு தொடர் ஆய்வைத் தொடங்கினார்கள். சேர்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள், ஏழைகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வர வேண்டும். வந்தால் கேள்வித்தாள், உடல் பரிசோதனை, ரத்தம். எடுத்த ரத்தத்தில் ஒரு பங்கு அன்றைய சோதனைக்குப் போகும். இன்னொரு பங்கு குழாயில் அடைத்து உறைநிலைப் பெட்டிக்குள் போகும். அந்தப் பங்கை என்ன செய்யப்போகிறோம் என்று அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியாது. வைரஸ் பிரதிகளை எண்ணும் கருவிகளே பரவலாக வந்திராத காலம்.

இந்தக் கூட்டத்தின் தனிச்சிறப்பு, ஆணும் பெண்ணும் ஒரே ஆய்வில் இருந்தார்கள் என்பதோடு முடியவில்லை. ஒரே நகரம், ஒரே தெருக்கள், பெரும்பாலும் ஒரே ஊசிப் பழக்கம், ஒரே வறுமை, ஒரே தரத்து மருத்துவம். வேறு இடங்களில் ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டால் பாலினத்தோடு இன்னும் பத்து விஷயங்கள் சேர்ந்து மாறும். ஆணுக்கு ஒரு வழியில் தொற்றியிருக்கும், பெண்ணுக்கு வேறு வழியில். ஒருவருக்கு மருந்து கிடைத்திருக்கும், மற்றவருக்குக் கிடைத்திருக்காது. இங்கே அந்தச் சிக்கல்கள் கணிசமாகக் குறைவு. சமூகம் ஓரத்தில் தள்ளிவைத்த மக்களிடமிருந்துதான் இந்தக் கேள்விக்கு ஓரளவு தூய்மையான விடை கிடைத்தது என்பதை நான் தற்செயலாக மட்டும் பார்க்கவில்லை. ஆண்டுக்கு இருமுறை படியேறி வந்து கையை நீட்டிய அவர்களின் பொறுமையும் அதில் இருக்கிறது.

உறைநிலையில் இருந்த மாதிரிகளை எடுத்து ஹொமாயூன் ஃபர்ஸாதேகானும் சக ஆய்வாளர்களும் மூன்று முறைகளில் அளந்தார்கள். 650 பேரின் 812 மாதிரிகள். 1998 நவம்பரில் 'லான்செட்' இதழில் முடிவு வந்தது. ஒரு முறையில் பெண்களுக்கு 3,365, ஆண்களுக்கு 8,907. இன்னொரு முறையில் பெண்களுக்கு 45,416, ஆண்களுக்கு 93,130. மூன்றாவதாக, ரத்த அணுக்களிலிருந்து வைரஸை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்தபோது பெண்களுக்கு 3, ஆண்களுக்கு 8. கருவிக்குக் கருவி எண்கள் இப்படித் தாறுமாறாக மாறுவதைப் பார்த்து மிரள வேண்டாம். அன்று ஒவ்வொரு முறைக்கும் ஒவ்வோர் அளவுகோல். கவனிக்க வேண்டியது திசையை. மூன்று அளவுகோலும் ஒரே பக்கம் சாய்ந்தன. சிடி4 எண்ணிக்கை, இனம், அண்மைக் காலப் போதைமருந்துப் பயன்பாடு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பிறகும் வேறுபாடு நின்றது.

அடுத்து வந்த கணக்குதான் முக்கியம். ஓர் ஆணுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஒரே வைரஸ் அளவு இருந்தால், எய்ட்ஸ் வரும் ஆபத்து பெண்ணுக்கு 1.6 மடங்கு. வேறு விதமாகச் சொன்னால், ஆணின் அளவில் பாதி மட்டுமே உள்ள பெண்ணும் அந்த ஆணும் ஒரே காலத்தில் எய்ட்ஸை அடைவார்கள். காஃபினின் ரயிலில் வேகமானி பெண்களுக்குக் குறைத்துக் காட்டிக்கொண்டிருந்தது.

எதிர்க் கேள்வியும் அதற்கு வந்த விடையும்

இந்த முடிவைக் கேள்வி கேட்க நல்ல காரணம் இருந்தது. அந்த 650 பேரில் மிகப் பலர் ஆய்வில் சேரும்போதே தொற்றோடு வந்தவர்கள். எப்போது தொற்றியது என்று தெரியாது. பெண்கள் சராசரியாக ஆண்களைவிடப் பின்னால் தொற்றியவர்களாக இருந்திருந்தால்? அப்போது அவர்களின் வைரஸ் குறைவுக்கும் பாலினத்துக்கும் சம்பந்தம் இருக்காது. நோயின் வயதுதான் வேறு. இது சாதாரண சந்தேகம் இல்லை. எச்.ஐ.வி. ஆராய்ச்சியில் பல 'கண்டுபிடிப்புகள்' இந்த இடத்தில்தான் கவிழ்ந்திருக்கின்றன.

விடை காண ஒரே வழி, தொற்றாமல் ஆய்வில் சேர்ந்து பிறகு தொற்றியவர்களை மட்டும் எடுப்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்ததன் பயன் இங்கே தெரிந்தது. போன முறை இல்லை, இந்த முறை இருக்கிறது என்றால் தொற்றிய காலத்தை ஆறேழு மாத இடைவெளிக்குள் குறிக்கலாம். 1988 முதல் 1998 வரை அப்படித் தொற்றியவர்கள் 202 பேர். டிமோதி ஸ்டெர்லிங் தலைமையில் எழுதப்பட்ட 2001 கட்டுரை அவர்களைப் பற்றியது.

சிடி4 எண்ணிக்கையில் இரு பாலருக்கும் தொடக்கத்தில் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம். ஆண்களுக்கு 659, பெண்களுக்கு 672. வைரஸ் அளவில்தான் அந்தப் பெரிய இடைவெளி. காலம் செல்லச் செல்ல அந்த இடைவெளியும் சுருங்கியது. சில ஆண்டுகளில் பெண்களின் அளவு ஆண்களின் அளவை எட்டிப் பிடித்துவிட்டது. ஆகவே வேறுபாடு தொற்றின் தொடக்க காலத்துக்கு உரியது. மருந்து தொடங்கலாமா, பொறுக்கலாமா என்று மருத்துவர் யோசிக்கும் காலமும் அதுதான்.

கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. பின்னால் எய்ட்ஸ் வந்தவர்களையும் வராதவர்களையும் தனித்தனியாகப் பிரித்து, அவர்களின் தொடக்க வைரஸ் அளவைத் தந்திருக்கிறார்கள். எய்ட்ஸ் வந்த ஆண்கள்: 77,822. வராத ஆண்கள்: 40,634. எய்ட்ஸ் வந்த பெண்கள்: 17,149. வராத பெண்கள்: 12,043. இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பாருங்கள். எய்ட்ஸ் வந்த பெண்ணின் எண், எய்ட்ஸ் வராத ஆணின் எண்ணில் பாதிகூட இல்லை. ஒவ்வொரு பாலுக்குள்ளும் விதி செல்லுபடியாகிறது, அளவு அதிகமானால் ஆபத்தும் அதிகம். இரு பாலரையும் ஒரே அட்டவணையில் போட்டால் விதி தலைகீழாகிறது.

அன்றைய வழிகாட்டு நெறியை இதன் மேல் வைத்துப் பார்த்தார்கள். வைரஸ் அளவு 20,000ஐத் தாண்டினால் மருந்து தரலாம் என்பது அப்போதைய விதிகளில் ஒன்று. முதல் வருகையிலேயே அந்தக் கோட்டைத் தாண்டியிருந்த ஆண்கள் 74 சதவீதம். பெண்கள் 37 சதவீதம். ஒரே மாதத்தில் தொற்றிய ஒரு தம்பதியை வைத்துக்கொண்டால், கணவருக்கு மருந்துச் சீட்டு கிடைத்து, மனைவிக்கு "உங்களுக்கு இப்போது அவசரமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்" என்று பதில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். மருத்துவர் அக்கறையோடுதான் அதைச் சொல்லியிருப்பார். அந்த அம்மாளும் நிம்மதியாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பார்.

கட்டுரையின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். 46 பெண்கள் என்பது சின்ன எண்ணிக்கை. 15 பெண்களுக்கும் 29 ஆண்களுக்கும் எய்ட்ஸ் வந்தது. அதாவது பெண்களில் மூவரில் ஒருவர், ஆண்களில் ஐவரில் ஒருவர். வெறும் விகிதத்தைப் பார்த்துப் பெண்களுக்கு வேகம் அதிகம் என்று சொல்லத் தோன்றும். புள்ளியியல் அதற்கு இடம் தரவில்லை, கட்டுரை ஆசிரியர்களும் அப்படிச் சொல்லவில்லை. வேகத்தில் கணிசமான வேறுபாடு இல்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். அது சரியான நிதானம். அடுத்த ஆண்டே மோனிகா காந்தியும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பெண்களுக்கு வைரஸ் அளவு குறைவு என்பது உறுதிப்பட்டது. பால்டிமோருக்கு மட்டும் உரிய விசித்திரமாக அது இல்லை.

வழிகாட்டு நெறி மாறியதா என்றால், மாறியது, வேறு காரணத்துக்காக. அந்தக் கால மருந்துகளின் பக்கவிளைவுகள் கடுமையாக இருந்ததால் 2001இல் வரம்பை எல்லோருக்குமாக 55,000க்கு உயர்த்தினார்கள். பெண்களுக்குத் தனி வரம்பு வைக்கப்படவில்லை. சிடி4 எண்ணிக்கை இருபாலருக்கும் பொதுவான வழிகாட்டியாகத் தொடர்ந்ததால் பாதிப்பு ஓரளவு தணிந்தது. என் பார்வையில் இது தீர்ப்பு சொல்லாமல் வழக்கை ஒத்திவைத்தது போலத்தான்.

ஏன் இப்படி?

குறைந்த வைரஸோடு அதே வேகத்தில் ஏன் நோய் முற்றுகிறது என்பதற்குப் பல ஆண்டுகள் விடை இல்லை. 2009இல் பாஸ்டனில் மார்கஸ் ஆல்ட்ஃபெல்ட் குழு 'நேச்சர் மெடிசின்' இதழில் ஒரு வழியைக் காட்டியது.

நம் ரத்தத்தில் ஒரு வகைக் காவல் அணுக்கள் உண்டு. வைரஸின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வை முகர்ந்ததும் இன்டர்ஃபெரான்-ஆல்ஃபா என்ற எச்சரிக்கைப் பொருளை மிகப் பெரிய அளவில் சுரப்பது அவற்றின் வேலை. முகரும் மூக்கு, அந்த அணுக்களுக்குள் இருக்கும் டிஎல்ஆர்7 என்ற புரதம். ஆல்ட்ஃபெல்ட் குழு ஆண்கள், பெண்கள் இருவரின் ரத்தத்திலிருந்தும் இந்த அணுக்களைப் பிரித்தெடுத்து எச்.ஐ.வி.யின் பொருட்களைக் காட்டியது. பெண்களின் அணுக்கள் கூடுதலாக இன்டர்ஃபெரான் சுரந்தன. அதோடு, ஒரே வைரஸ் அளவு கொண்ட ஆண்களையும் பெண்களையும் ஒப்பிட்டபோது, தொற்றிய அணுக்களைக் கொல்லும் சிடி8 அணுக்கள் பெண்களிடம் அதிகமாகக் கிளர்ந்திருந்தன.

டிஎல்ஆர்7க்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்களுக்கு இரண்டு எக்ஸ். பொதுவாக ஒவ்வோர் அணுவிலும் அவற்றில் ஒன்று முடக்கப்பட்டுவிடும். பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்கள் 2018இல் காட்டியது என்னவென்றால், இந்த மரபணு சில அணுக்களில் அந்த முடக்கத்திலிருந்து தப்பிவிடுகிறது. அந்த அணுக்களில் இரண்டு பிரதிகளும் வேலை செய்கின்றன. பெண் ஹார்மோன்களின் பங்கும் இதில் உண்டு. எது எவ்வளவு என்று பிரிப்பது எளிதாக இல்லை.

இப்போது முரண் அவிழத் தொடங்குகிறது. தொற்றிய முதல் வாரங்களில் வலுவான இன்டர்ஃபெரான் வைரஸின் பெருக்கத்தை அமுக்குகிறது, நிலைப்புள்ளி தாழ்கிறது. ஆனால் எச்.ஐ.வி. போகாமல் தங்கிவிடும் வைரஸ். எச்சரிக்கை மணி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் ஒலித்துக்கொண்டே இருந்தால் எதிர்ப்பு மண்டலம் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது. கிளர்ந்த சிடி4 அணுக்கள் வைரஸுக்கு இன்னும் வசதியான இரை. முதல் மாதத்தில் காத்த குணமே பின்னால் செலவு வைக்கிறது.

வைரஸின் அளவு மட்டுமே நோயைத் தீர்மானிப்பதில்லை என்பதற்கு மேற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் வலுவான சாட்சி இருக்கிறது. அங்குள்ள சூட்டி மங்கபே குரங்குகளின் உடலில் எச்.ஐ.வி.யின் உறவினரான எஸ்.ஐ.வி. மிக அதிக அளவில் ஓடுகிறது. அவற்றுக்கு எய்ட்ஸ் போன்ற நோய் வருவது மிக அரிது. தொடக்கத்தில் கிளரும் எதிர்ப்பு மண்டலத்தை அவை சில வாரங்களில் அமைதிப்படுத்திவிடுகின்றன. பெண்களின் நிலை இதற்கு நேர் எதிர்க்கோடி: வைரஸ் குறைவு, கிளர்ச்சி அதிகம்.

ஹார்மோன் பக்கம் மட்டுமே சாய்பவர்களுக்குக் குழந்தைகளிடமிருந்து ஒரு தடை வருகிறது. தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் ஃபிலிப் கோல்டர் குழு தாய்வழித் தொற்றை ஆராய்ந்தபோது, கருவிலேயே தொற்றும் குழந்தைகளில் பெண் குழந்தைகள் அதிகம் என்று கண்டது. பருவம் எய்துவதற்குப் பல ஆண்டுகள் முன்பே பாலின வேறுபாடு வேலை செய்கிறது. அதே குழுவின் பின்னைய ஆய்வில், மருந்து ஒழுங்காக எடுக்காதபோதும் வைரஸ் தலைகாட்டாமல் இருந்த ஐந்து குழந்தைகளைக் கண்டார்கள். ஐந்தும் ஆண் குழந்தைகள். எந்தப் பாலுக்கும் நிரந்தர அனுகூலம் கிடையாது போலிருக்கிறது.

நுழைவாயிலில் ஒரு வேறுபாடு

பால்டிமோரில் பெரும்பாலும் ஊசி வழியே பேச்சாக இருந்ததால் அது எழுப்பாத ஒரு கேள்வியும் உண்டு. பாலுறவு வழியாகத் தொற்றும்போது, தொடக்கத்திலேயே ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபாடு இருக்கிறதா?

கென்யாவின் மொம்பாசாவில் பாலியல் தொழிலாளர்களையும் லாரி நிறுவனங்களின் ஆண் ஊழியர்களையும் தொடர்ந்து கவனித்த ஜூலி ஓவர்பாவின் குழு 2000ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விடை தந்தது. ஆண்களில் தொற்றைத் தொடங்கிய வைரஸ் ஒரே சாயலில் இருந்தது. பெண்களில் பலருக்குத் தொடக்கத்திலேயே வெவ்வேறு சாயல் கொண்ட வைரஸ்கள் இருந்தன. பின்னாளில் வேறு இடங்களில் செய்த நுட்பமான ஆய்வுகள், பாலுறவுத் தொற்றில் பெரும்பாலும் ஒரே ஒரு வைரஸ்தான் வேர் பிடிக்கிறது என்று காட்டின. பெண்களும் அதற்கு விலக்கு இல்லை. பால்வினை நோய்களும் பிறப்புறுப்பு அழற்சியும் இருக்கும்போது பல வைரஸ்கள் ஒருசேர நுழையும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே மொம்பாசாவில் கண்டதில் பாலினத்துக்கு எவ்வளவு பங்கு, அந்தப் பெண்களின் வாழ்க்கைச் சூழலுக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பிரித்துத்தான் படிக்க வேண்டும்.

டர்பனில் பெண்கள், பாங்காக்கில் ஆண்கள்

டர்பனை ஒட்டிய உம்லாசி நகர்ப்பகுதியில் 2012 முதல் ஓர் ஆய்வு நடக்கிறது. தொற்றாத, 18 முதல் 23 வயதுள்ள இளம்பெண்களைச் சேர்க்கிறார்கள். அந்த வட்டாரத்தில் இந்த வயதுப் பெண்களுக்குத் தொற்றும் விகிதம் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் ஒன்று. வாரம் இரண்டு நாள் மையத்துக்கு வருகிறார்கள். வரும்போதெல்லாம் விரல் நுனியில் ஒரு குத்து; ஒரு சில துளி ரத்தத்தில் வைரஸ் ஆர்.என்.ஏ. தேடப்படுகிறது. மீதி நேரம் கணினிப் பயிற்சி, வேலை தேடுவது எப்படி, தன்னம்பிக்கை, உடல்நலம் என்று வகுப்புகள். வேலையில்லாத இளம்பெண்ணுக்கு அந்த வகுப்புதான் வருவதற்கான காரணம். விரல் குத்து அதற்கான கட்டணம் என்றுகூடச் சொல்லலாம். தொற்று தென்பட்டால் எதிர்ப்புப் புரதம் உருவாகும் முன்பே, ஓரிரு நாட்களில் மருந்து தொடங்குகிறது. தும்பி ந்துங்கு, கிரிஸ்டா டாங், புரூஸ் வாக்கர் ஆகியோர் இதை நடத்துபவர்கள். தொற்றிய முதல் நாட்களைப் பெண்களின் உடலில் இவ்வளவு நெருக்கமாகப் பார்த்த ஆய்வுகள் மிகச் சில.

2009இல் தொடங்கிய பாங்காக் ஆய்வும் இதே போலத் தொடக்கத் தொற்றைப் பிடித்து உடனே மருந்து தருகிறது. அங்கே சேர்ந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் ஆண்கள்.

இரண்டும் அருமையான ஆய்வுகள். ஆனால் ஒன்றை மற்றொன்றோடு வைத்துப் பாலின வேறுபாட்டைக் கணக்கிடப் போனால் சிக்கல். டர்பனில் பரவுவது எச்.ஐ.வி.யின் 'சி' வகை, தாய்லாந்தில் வேறொரு கலப்பு வகை. தொற்றும் வழி வேறு, மக்களின் மரபணுப் பின்னணி வேறு, கூட இருக்கும் மற்ற நோய்கள் வேறு. தெரியவரும் வேறுபாடு பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையிலானதா, இரண்டு ஊர்களுக்கு இடையிலானதா என்று எப்படிச் சொல்வது? இன்றைய கருவிகள் 1998இல் இருந்தவற்றைவிடப் பல மடங்கு கூர்மையானவை. பால்டிமோருக்கு இருந்த ஒரே ஒரு வசதி, ஆணும் பெண்ணும் ஒரே இடத்திலிருந்து வந்தது, இப்போது கிடைப்பது அரிதாக இருக்கிறது.

வரம்பு போன பிறகு

2015இல் 'ஸ்டார்ட்' என்ற பெரிய பன்னாட்டு ஆய்வு, சிடி4 எண்ணிக்கை நன்றாக இருக்கும்போதே மருந்து தொடங்கினால் எல்லோருக்கும் நன்மை என்று உறுதிசெய்தது. அதே ஆண்டு உலக சுகாதார நிறுவனம், தொற்று உறுதியான அனைவருக்கும் எந்த எண்ணையும் பார்க்காமல் மருந்து தரச் சொன்னது. இந்தியாவில் 2017 முதல் அதுவே நடைமுறை. நம் ஊரில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் இன்று யாரிடமும் "வைரஸ் குறைவாக இருக்கிறது, பிறகு வாருங்கள்" என்று சொல்ல மாட்டார்கள். 74க்கு 37 என்ற அநியாயம் தீர்ந்தது. பெண்களுக்கு எந்த வரம்பு சரி என்று யாரும் விடை கண்டு தீர்க்கவில்லை. வரம்பே தேவையில்லாமல் போனதால் கேள்வி உதிர்ந்துவிட்டது.

அதே கேள்வி இப்போது வேறு வாசல் வழியாக வந்திருக்கிறது. மருந்தை நிறுத்தினாலும் வைரஸ் திரும்பாதபடி செய்ய முடியுமா என்று தேடும் ஆய்வுகள் உலகெங்கும் நடக்கின்றன. அவற்றில் வெற்றி தோல்வியை அளப்பது மறுபடியும் வைரஸ் அளவை வைத்துத்தான். மருந்து நின்ற பிறகு அது எத்தனை நாளில் எழுகிறது, எழுந்து எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, இத்தகைய குணமாக்கும் முயற்சிகளில் சேர்க்கப்பட்ட பெண்களின் இடைநிலை விகிதம் 11 சதவீதம். உலகில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்களில் பாதிக்கும் சற்று மேல் பெண்கள். ஆண்களை வைத்து 'இந்த அளவுக்குக் கீழே இருந்தால் வெற்றி' என்று ஒரு கோடு கிழித்து, பெண்களுக்கும் அதையே நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 1998இலும் 2001இலும் வந்த அந்த இரண்டு கட்டுரைகளைப் படித்தாலே போதும்.

விதிவிலக்காக ஒரு முயற்சி உம்லாசியிலிருந்தே வந்தது. தொற்றிய தொடக்கத்திலேயே மருந்து எடுத்துக்கொண்ட 20 பெண்களுக்கு, ஆய்வகத்தில் தயாரித்த இரண்டு எதிர்ப்புப் புரதங்களையும் வெசாடோலிமாட் என்ற மருந்தையும் கொடுத்து, வழக்கமான மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். வெசாடோலிமாட் செய்வது டிஎல்ஆர்7ஐத் தட்டி எழுப்புவது. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும், பெண்களிடம் ஓங்கிக் குரல் கொடுக்கும் அதே புரதத்தை. முடிவுகளை 2025இல் அறிவித்தார்கள். 48 வாரம் முடியும்வரை ஆறு பெண்களுக்கு மருந்தைத் திரும்பத் தொடங்க வேண்டியிருக்கவில்லை. அவர்களில் நான்கு பேர் அறிவிப்பு வந்த நாளிலும் மருந்தில்லாமல் இருந்தார்கள். மற்ற 14 பேருக்கு அது ஏன் பலிக்கவில்லை என்பதும், இதே சேர்க்கையை அதே ஊர் ஆண்களுக்குக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதும் அடுத்துச் செய்து பார்க்க வேண்டியவை.